உரத்த குரலுக்கும் ஒரு நியாயம் உண்டு

மென்மையான பொப் பாடல் ஒன்றை ஹெவி மெற்றல் குழு ஒன்று எடுத்துப் பாடினால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடுகின்றன. நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள் சிலர். பழைய பாட்டுக்கு இப்போதுதான் உயிர் வந்தது என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பும் அளப்பது சத்தத்தைத்தான். நாம் கேட்க வேண்டியதோ வேறு கேள்வி: மூலப் பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த எதை இந்தப் புதிய குரல் வெளியே கொண்டுவந்திருக்கிறது? அதற்குப் பதில் இருந்தால் அந்தக் ‘கவர்’ பாடல் நிற்கும். இல்லாவிட்டால் எத்தனை கிற்றார்கள் முழங்கினாலும் விழுந்துவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க ‘தி சவுண்ட் ஒஃப் சைலன்ஸ்’ பாடலின் இரண்டு வடிவங்களை விடச் சிறந்த சோடி கிடையாது. போல் சைமன் எழுதிய இந்தப் பாட்டை அவரும் ஆர்ட் கார்ஃபங்கலும் 1964 இல் சாதாரணக் கிற்றாரோடு ஒலிப்பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டு விலைபோகவில்லை. இருவரும் ஆளுக்கொரு வழியில் போனார்கள். 1965 இல் தயாரிப்பாளர் ரொம் வில்சன், அவர்களுக்குச் சொல்லாமலே, அதே பதிவின் மேல் மின்கிற்றாரையும் ட்ரம்ஸையும் சேர்த்து வெளியிட்டார். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவின் முதலிடப் பாட்டானது. உலகம் ‘மூலம்’ என்று போற்றுவது இந்த வடிவத்தைத்தான். அதாவது, மூலமே ஒரு தடவை ஓசை கூட்டப்பட்டதுதான். முதலில் வந்தது புனிதம், பிறகு வந்தது கலப்படம் என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2015 இல், அமெரிக்க மெற்றல் குழுவான டிஸ்டர்ப்ட் அதே பாட்டை எடுத்தது. கேட்பவர் எதிர்பார்ப்பது இடிமுழக்கத்தை. வருவதோ பியானோவும், வயலின் கூட்டமும், சாதாரணக் கிற்றாரும். உறுமும் மின்கிற்றார் முன்னுக்கு வருவதே இல்லை. பாரம் முழுவதையும் டேவிட் ட்ரேமனின் குரல் சுமக்கிறது. முதற் சரணத்தை மந்திர ஸ்தாயியில், நெஞ்சுக்குள் பேசுவதுபோல் தொடங்குகிறார். பாட்டில் ஐந்து சரணங்கள். ஐந்துக்கும் மெட்டு ஒன்றே. சைமனும் கார்ஃபங்கலும் அந்த ஐந்தையும் ஏறக்குறைய ஒரே நிதானத்தில் பாடிக் கடந்தார்கள். ட்ரேமன் பாதி வழியில் ஒரு ஸ்தாயி மேலே ஏறுகிறார். நான்காம் சரணத்தில், பாட்டின் மனிதன் மற்றவர்களை எச்சரிக்கும் இடத்தில், குரல் கரகரத்து வெடிக்கிறது. மெட்டு பெரிதாக மாறவில்லை. மாறியது, அதைச் சொல்பவனின் நிலை.

மௌனத்தைப் பற்றிய பாட்டைக் கத்திப் பாடலாமா என்பது நியாயமான ஆட்சேபம். ஒருவரோடொருவர் பேசமுடியாத மனிதரைப் பற்றிய பாட்டை இரண்டு குரல்கள் அடங்கிய தொனியில் சேர்ந்து பாடுவதில் ஒரு துயரம் இருக்கிறது. டிஸ்டர்ப்டின் வடிவத்தில் அது இல்லை, இழப்பு இழப்புத்தான். ஆனால் அந்த நான்காம் சரணத்தை மறந்துவிட்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. அங்கே ஒருவன் எச்சரிக்கிறான், எவரும் செவிசாய்ப்பதில்லை. கேட்கப்படாத எச்சரிக்கை அடுத்த தடவை உரத்துத்தான் வரும். சைமன் எழுதி வைத்த அந்தக் கோபத்தை முதற் பதிவு உள்ளே அடக்கிக்கொண்டது. பின்னையது வெளியே விட்டது. 2016 இல் தொலைக்காட்சியில் இதைக் கேட்ட சைமன், ட்ரேமனுக்குப் பாராட்டி எழுதினார். எழுதியவர் மெச்சியது மட்டும் ஆதாரமாகாது. ஆதாரம் பாட்டின் வரிகளுக்குள்ளேயே கிடக்கிறது. துள்ளல் பாட்டொன்றுக்கு வேடிக்கைக்காக உறுமலையும் இரட்டைக்கால் ட்ரம்ஸையும் பூசிவிடும் பதிவுகள் ஒரு தடவைக்கு மேல் கேட்கமுடியாமல் போவதும் இதனால்தான். அவற்றின் மூலத்தில் அந்த உறுமலுக்கு வேரில்லை.

மெற்றல் எங்களுக்கு அந்நியம், இந்த விவகாரம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். உருத்திரபுரத்திலும் அயலிலுள்ள வன்னி ஊர்களிலும் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த செவிக்கு இது அந்நியமே அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்குக்கு மிக அருகே நின்று மெல்லப் பாடப்பட்ட சினிமாப் பாட்டை, வெளிவீதி முழுவதும் கேட்க ஊதுகிறார் நாதஸ்வரக்காரர். பாடகி அரை மூச்சில் விட்டுச்சென்ற அடியை அவர் பிடித்து நிறுத்துகிறார், பிருகா போட்டு வளர்க்கிறார், முடியும் இடத்தில் தவில் வந்து விழுகிறது. சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சனம் சொல்லைக் கேட்கிறது. சத்தம் கூடியதால் பாட்டுச் செத்தது என்று அங்கே எவரும் சொல்வதில்லை. பாவம் நின்றதா என்றுதான் பார்க்கிறார்கள். அந்த அளவுகோலையே மெற்றலுக்கும் நீட்டுவோம்.

அந்த அளவுகோலோடு எங்கள் சொந்தப் பொப் பாடல்களையும் திரும்பக் கேட்க வேண்டும். நித்தி கனகரத்தினத்தின் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ பைலாத் துள்ளலோடு ஊரெல்லாம் பாடிய பாட்டு. அந்தத் துள்ளலைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஓர் எச்சரிக்கை. அதற்குச் செவிசாய்க்காததன் விலையை, கசிப்பு எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று அறிந்த வன்னிக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்தப் பாட்டை ஒரு மெற்றல் குழு தாழ்ந்த குரலில் தொடங்கி, ஆத்திரத்தோடு முடித்தால் அது பாட்டுக்குச் செய்யும் துரோகமாகாது. கொண்டாட்டத்துக்காக ஆடிக் கடந்த ஒரு பாட்டை, அது சொன்ன விடயத்துக்காகக் கேட்கவைக்கும் வேலை அது. கிளிநொச்சியில் இன்று கிற்றார் பழகும் பிள்ளைகள் வெளிநாட்டுப் பாட்டின் முழக்கத்தைப் பிரதிபண்ணுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கட்டும். எந்த வரியில் குரல் உயரவேண்டும், ஏன் உயரவேண்டும் என்று அவர்களால் சொல்ல முடிந்தால், எவ்வளவு உரக்கவும் பாடலாம்.