விண்ணேறுவோரின் உயிர்க்காப்பு

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, சோவியத் நாட்டின் பைக்கனூரில், புறப்படவிருந்த சோயுஸ் ராக்கெட்டின் அடிப்பகுதியில் தீப்பற்றியது. உச்சியிலிருந்த கலத்தினுள் தித்தோவ், ஸ்ட்ரெக்காலோவ் என்னும் இரு வீரர்கள் இருந்தனர். கட்டளை செல்லும் கம்பிகள் கருகிவிட்டமையால், வானொலி வாயிலாகவே தப்புவிக்கும் ராக்கெட்டை இயக்க நேரிட்டது. அது கலத்தைப் பெயர்த்தெடுத்துச் சென்ற சில விநாடிகளில் பெரிய ராக்கெட் வெடித்துச் சிதறியது. வீரர்கள் இருவரும் உயிர் பிழைத்தனர். அவருள் ஒருவரான ஸ்ட்ரெக்காலோவே 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மாவுடன் விண்ணேறினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அன்று அவ்விருவரின் உடல்கள் சில விநாடிகள் புவியீர்ப்பைப் போல் 14 முதல் 17 மடங்கு விசையைத் தாங்கின. நின்ற நிலையிலோ நிமிர்ந்து அமர்ந்த நிலையிலோ இவ்வளவு விசையைச் சில விநாடிகள் மனிதனால் தாங்கவியலாது. குருதி கால்களை நோக்கி இறங்க, மூளை வறண்டு நினைவு தப்பும். மல்லாந்து படுத்த நிலையில் விசை மார்பிலிருந்து முதுகை நோக்கி அமைவதால் தாங்குதிறன் கூடுகிறது. விண்கலங்களில் இருக்கைகள் சாய்ந்திருப்பதன் காரணம் இதுவே. பெங்களூரில் நீலசந்திராவுக்குக் கிழக்கே சில கி.மீ. தொலைவில், விமானபுரத்தில், விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் உள்ளது. மாபெரும் சுழல்பொறியில் வைத்துச் சுழற்றி விமானிகளின் தாங்குதிறனை அளப்பது இங்குள்ள பணிகளுள் ஒன்று. ராகேஷ் சர்மாவும், ககன்யான் திட்டத்தின் வீரர்களும் இந்நிறுவனத்தின் சோதனைகளைக் கடந்தவர்களே.

ககன்யானைச் சுமக்கவிருக்கும் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இருபுறமும் எஸ்.200 என்னும் திட எரிபொருள் உந்திகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 டன் எரிபொருள். திரவ எஞ்சினைக் குழாய் மூடி நிறுத்தலாம். பற்றவைத்த திட உந்தியையோ எரிந்து முடியும்வரை நிறுத்த வழியில்லை. ஆகவே, கோளாறு நேரின் ராக்கெட்டை நிறுத்துவதைவிட மனிதரை அதனினும் விரைவாக அப்பால் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. அமெரிக்காவின் சேலஞ்சர் ஓடத்தில் இத்தகைய ஏற்பாடு இல்லை. 1986 ஜனவரி 28 அன்று எழுவர் மாண்டனர்.

இந்தியா இவ்வேற்பாட்டை முதலில் சோதித்தது 2018 ஜூலை 5 அன்று. ஸ்ரீஹரிகோட்டாத் தரையிலிருந்தே 12.6 டன் எடையுள்ள அமைப்பு, வீரர் கலத்துடன், ஏறத்தாழ 2.7 கி.மீ. உயரத்துக்கு எழும்பிப் பாராசூட் உதவியால் கடலில் இறங்கியது. சோதனை முழுவதும் 259 விநாடிகள். பறக்கும் ராக்கெட்டிலிருந்து தப்பும் சோதனை 2023 அக்டோபர் 21 அன்று நடந்தது. புறப்பட 5 விநாடிகள் இருக்கையில் கணினியே ஏவுதலை நிறுத்திற்று. திரவ எஞ்சின் ஆதலின் இஃது இயன்றது. காரணம் கண்டறிந்து, அன்று காலை 10 மணிக்கே மீண்டும் ஏவினர். ஒலியைவிட விரைவாகச் சென்றுகொண்டிருந்தபோது, ஏறத்தாழ 12 கி.மீ. உயரத்தில் கலம் பிரித்தெடுக்கப்பட்டது.

தப்புவது கடைசி வழியே. எஞ்சின் பழுதுபடாதிருப்பதே முதல் வழி. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சி.இ.20 கிரயோஜெனிக் எஞ்சின், மனிதப் பயணத்துக்குத் தகுதிபெறக் குறைந்தது 6,350 விநாடிகள் எரிந்து காட்டவேண்டியிருந்தது. நான்கு எஞ்சின்களில், 39 சோதனைகளில், 8,810 விநாடிகள் எரித்து 2024 பிப்ரவரியில் அத்தகுதி பெறப்பட்டது.

2023 சோதனையில் கலம் பாராசூட்டில் நலமாகவே இறங்கினும், அலையில் தலைகீழாக மிதந்தது. கடற்படையினர் அதனை மீட்டனர். உள்ளே மனிதர் இருந்திருப்பின், கப்பல் வரும்வரை வார்ப்பட்டையில் தலைகீழாகத் தொங்கியிருப்பர். ஆதலின் காற்றடைத்த பைகளால் கலத்தை நிமிர்த்தும் அமைப்பும் உயிர்க்காப்பின் ஓர் உறுப்பாகிறது.