இழப்பிற்குப் பின் மக்களைப் பேணல்: புறநானூற்றுக் கபிலரும் பாரி மகளிரும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்பத்தில் நேர்ந்த இறப்பிற்குப் பின் எஞ்சிய மக்களைப் பேணும் பொறுப்பு சங்கப் புறப்பாடல்களில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பாரியின் மறைவிற்குப் பின் அவன் மகளிரைக் கபிலர் பேணிய செய்தியைக் கூறும் பாடல்கள் இதற்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன. கையறுநிலைப் பாடல்களையும் பரிசில் வேண்டும் பாடல்களையும் தனித்தனியே பயிலாமல் ஒருங்கே நோக்கும்போது, நட்பின் வழிவந்த ஒரு தந்தைமை அவற்றில் உருப்பெறுவது புலனாகிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, கபிலர், பாரி மகளிர், கையறுநிலை, வடக்கிருத்தல், தந்தைமை.

முன்னுரை

தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளுள் மனைவியை இழந்த கணவனின் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்த மனைவியின் நோன்பு நிலையைத் தாபத நிலை என்றும் வகுக்கிறது. துணையை இழந்தவரின் துயருக்கு இலக்கணம் பெயரிட்டுள்ளது. ஆனால் அவ்விழப்பிற்குப் பின் பிள்ளைகளைப் பேணுவோரின் நிலைக்குத் தனித்துறை ஏதும் இல்லை. எனவே அந்நிலையைப் பிற துறைகளில் அமைந்த பாடல்களுக்குள்ளேயே தேட வேண்டியுள்ளது.

தாயர் நிலை

கணவனை இழந்த பின் பிள்ளைகளுடன் எஞ்சி நிற்கும் தாயைப் புறநானூற்றின் 250ஆம் பாடல் காட்டுகிறது. தாயங்கண்ணியார் பாடிய இப்பாடலில் மனைவி கூந்தல் களைந்து, வளை நீக்கி, அல்லியரிசியை உணவாகக் கொள்கிறாள். தந்தையோ சோற்றுடன் பால் வேண்டும் சிறுவர்களை விட்டுவிட்டுச் சுடுகாடு சேர்ந்தவன். தாயின் நோன்புணவும் பிள்ளைகள் விரும்பும் பாற்சோறும் ஒரே வீட்டில் எதிரெதிரே நிற்கின்றன. இழப்பு தாயின் உணவை மாற்றிவிடுகிறது. பிள்ளையின் பசியை மாற்றுவதில்லை.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடல் வேறொரு தாயைக் காட்டுகிறது. பிறந்த குடியின் ஆண்மகனை (தந்தை என்றும் தமையன் என்றும் இருவகையாக உரை கொள்வர்) முந்தைய போரிலும், கணவனை அடுத்த போரிலும் இழந்த அவள், எஞ்சிய ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துக் களம் நோக்கி அனுப்புகிறாள். மூதின்முல்லையாகப் போற்றப்படும் இப்பாடலில் பிள்ளை குடிப்பெருமையின் தொடர்ச்சியாகக் காணப்படுகிறான். இவ்விரு பாடல்களிலும் பேணுபவர் ஈன்ற தாயே. குருதி உறவில்லாத ஒருவர் அப்பொறுப்பை ஏற்கும் நிலையைக் கபிலரின் பாடல்களிலேயே விரிவாகக் காணமுடிகிறது.

பறம்பு நீங்கல்

முந்நூறு ஊர்களையுடைய பறம்பு நாட்டை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டதையும், பின்னர் அவன் மாய்ந்ததையும் பாடல்களும் அவற்றின் அடிக்குறிப்புகளும் கூறுகின்றன. தந்தையையும் மலையையும் ஒருசேர இழந்த துயரைப் பாரி மகளிரே 112ஆம் பாடலாகப் பாடினர். சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் ஒப்பிட்டு அவர்கள் இழப்பை அளந்துகொள்கின்றனர்.

கபிலர் அம்மகளிரை உடனழைத்துப் பறம்பிலிருந்து புறப்படும்போது பாடியது 113ஆம் பாடல். அம்மகளிரின் கூந்தலுக்கு உரியவரை, அதாவது கணவரை, நாடிச் செல்வதாகப் பாடல் கூறுகிறது. அடிக்குறிப்போ அவர்களைப் பார்ப்பார்ப் படுப்பதற்காகக் கொண்டுபோனதாகக் கூறுகிறது. இத்தொடர் அடைக்கலமாக ஒப்படைத்தலையும் மணஞ்செய்து கொடுத்தலையும் குறிக்க இடந்தருவது. பாடலும் குறிப்பும் முழுமையாகப் பொருந்தாவிடினும், கண்ணீருடன் விடைபெறும் அந்நேரத்திலும் கபிலரின் சிந்தை மகளிரின் எதிர்காலத்தைப் பற்றியே செல்வதை இரண்டும் உறுதிசெய்கின்றன.

எண்ணும் விளையாட்டு

பேணுபவரின் பார்வை மிகத் தெளிவாக வெளிப்படுவது 116ஆம் பாடலில். புல் மூடிய வழிகளும் முள்வேலியும் உடைய ஒரு சிறுமனை. அதன் முற்றத்தில் பருத்தி. பக்கங்களில் பீர்க்கும் சுரையும் படர்ந்துள்ளன. அங்குள்ள ஈத்திலைக் குப்பையின்மேல் ஏறிநின்று மகளிர் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முன்பு அவர்கள் எண்ணியவை, பாரியின் வலிமை அறியாது போருக்கு வந்த வேந்தரின் குதிரைகள்.

எண்ணும் செயல் மாறவில்லை. ஏறிநிற்கும் இடமும் எண்ணப்படும் பொருளும் மாறிவிட்டன. மலையின் இடத்தில் குப்பைமேடு; போர்க்குதிரைகளின் இடத்தில் உப்பு வண்டிகள். வருந்துபவர் கபிலர்; தம் வாழ்நாள் தேய்ந்தொழியட்டும் என்று அவர் வெறுத்துரைக்கிறார். மகளிரோ இப்பாடலில் அழவில்லை. அவர்களின் பழைய வழக்கத்தையும் புதிய சூழலையும் ஒருங்கே அறிந்த ஒருவருக்கே இக்காட்சி துயரமாகும்; வழிப்போக்கருக்கு அது வெறும் விளையாட்டு. பிள்ளைகளின் சிறு செயல்களையும் முன்பின் ஒப்பிட்டு உணரும் இக்கூர்மை, தந்தைமையின் அடிப்படைக் கூறாக இங்கு வெளிப்படுகிறது.

பரிசிலர் கொடுப்பவராதல்

200ஆம் பாடலில் விச்சிக்கோவிடமும், 201, 202ஆம் பாடல்களில் இருங்கோவேளிடமும் கபிலர் மகளிரை ஏற்குமாறு வேண்டுகிறார். புலவர் பொருள் பெறச் செல்வதே பரிசில் மரபு. இங்குப் பரிசிலர் ஒருவர் வேந்தன் முன் நின்று, தாம் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கிறார். மரபு தலைகீழாகிறது.

இப்பாடல்களில் கபிலர் மகளிரை அறிமுகம் செய்யும் முறை கருதத்தக்கது. முல்லைக்குத் தேர் ஈந்தவனின் மக்கள் என்று பாரியின் புகழை முன்வைத்தே அவர்களைச் சுட்டுகிறார். ஆட்சியும் செல்வமும் அழிந்த பின் அவர்களுக்கு எஞ்சிய உடைமை தந்தையின் பெயர் ஒன்றே. 201ஆம் பாடலில், தாம் அவர்களின் தந்தைக்குத் தோழர் என்று கூறும் கபிலர், அதனையடுத்தே அவர்களைத் தம் மகளிர் என்றும் கூறுகிறார். ஈன்ற தந்தையின் இடம் பறிக்கப்படவில்லை. அவ்விடம் வெறுமையாகவும் விடப்படவில்லை. இறந்தவனின் நினைவைக் காத்துக்கொண்டே அவன் கடமையை ஏற்கும் இவ்விரட்டை நிலையே கபிலர் தந்தைமையின் உயிர்நாடி.

நாற்பத்தொன்பது தலைமுறை தொடர்ந்த வேளிர் குடியினன் என்று புகழப்பட்ட இருங்கோவேள் அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. கழாத்தலையார் என்னும் புலவரை அவன் முன்னோன் ஒருவன் இகழ்ந்ததால் அரையம் என்னும் ஊர் அழிந்ததைக் கபிலர் நினைவூட்டுகிறார். இவர் பாரியின் மகளிர் எனத் தாம் கூறிய தெளிவற்ற சொல்லைப் பொறுத்துக்கொள்ளுமாறு கசப்புடன் கூறி விடைபெறுகிறார். பெரும்புலவராயினும் பிள்ளைகளின் பொருட்டு வாயில்தோறும் மறுக்கப்படும் நிலைக்கு ஆட்படுகிறார். இம்மூன்று பாடல்களிலும் மகளிரின் குரல் ஒலிக்கவில்லை என்பதும் உடன் நோக்கத்தக்கது. அவர்களின் வாழ்வு பற்றிய பேச்சு இரு ஆடவருக்கிடையே மட்டும் நிகழ்கிறது. இத்தந்தைமை அக்காலச் சமூக எல்லைக்குள்ளேயே இயங்கியது.

தள்ளிவைக்கப்பட்ட இறப்பு

மகளிரைப் பார்ப்பார்ப் படுத்தபின் வடக்கிருந்த கபிலர் பாடியதாக 236ஆம் பாடலின் அடிக்குறிப்பு கூறுகிறது. தம்மை உடன்வர விடாமல் இங்கே இருக்குமாறு சொல்லிச் சென்றது நட்பிற்குப் பொருந்தாது என்று பாரியிடம் அவர் ஊடுகிறார். எனினும் மறுமையிலும் இணைபிரியாதிருக்க ஊழ் கூட்டுக என்று வேண்டுகிறார். அவரை இருக்கச் சொன்னதன் காரணம் பாடலில் வெளிப்படையாக இல்லை; அடிக்குறிப்புடன் சேர்த்துப் பயிலும்போது மகளிரைப் பேணுதலே அக்காரணமாதல் வேண்டும் என்பது விளங்கும்.

இதற்கு ஒப்பாகப் பொத்தியார் பாடிய 222ஆம் பாடலைக் காட்டலாம். உடன் வடக்கிருக்க முனைந்த பொத்தியாரை, மகன் பிறந்த பின் வருமாறு கோப்பெருஞ்சோழன் அனுப்பிவிடுகிறான். ஈரிடத்தும் நண்பனுடன் இறக்கும் விருப்பத்தைப் பிள்ளையின் பொருட்டு ஒத்திவைக்க நேர்கிறது. இறப்பையே நட்பின் உச்சமாகப் போற்றிய மரபு, பிள்ளைகளுக்கான கடமையை அதற்கு முன்னர் வைத்தது.

பிற்கால நினைவு

புறநானூற்றில் மகளிரின் பெயர்கள் இல்லை. அங்கவை, சங்கவை என்பன பிற்கால மரபு தரும் பெயர்கள். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, பாரி அடைக்கலமாக விட்டுச்சென்ற பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததாகக் கூறுகிறது. வடக்கிருத்தல் தீப்புகுதலாக மாறினும், கடமை முடித்த பின்னரே இறப்பு என்னும் வரிசை மாறவில்லை. ஆனால் புறப்பாடலில் மகளாக உரிமை கொள்ளப்பட்டவள் கல்வெட்டில் அடைக்கலப் பொருளாகிறாள். நினைவு காக்கப்பட்டபோதும் உறவின் தன்மை மாறியுள்ளது.

முடிவுரை

கபிலர் பாடல்களை ஒருங்கே நோக்கும்போது, இழப்பிற்குப் பின் மக்களைப் பேணல் என்பது தம் துயரை ஒத்திவைத்தல், பிள்ளைகளின் மாற்றங்களை உற்றுணர்தல், இறந்தவரின் பெயரை அவர்களுக்கு உடைமையாகக் காத்தல், அவர்களின் பொருட்டு மறுப்பையும் ஏற்றல் ஆகியவற்றால் அமைவது தெளிவாகிறது. துயர் இங்கு மறைக்கப்படவில்லை. கடமையால் காலம் தாழ்த்தப்படுகிறது. 236ஆம் பாடலைக் கையறுநிலையாக மட்டும் பயின்றால் நட்பின் ஆழமே தெரியும். 116, 201ஆம் பாடல்களுடன் இணைத்துப் பயிலும்போது, அந்நட்பைத் தந்தைமையாக மாற்றி வாழ்ந்த இடைக்காலமும் தெரியவரும். இலக்கணம் பெயரிடாத அவ்விடைக்காலமே இப்பாடல்களின் உண்மையான களம் எனலாம்.