சப்ஜெக்ட் லைனுக்குக் கீழே ஒரு சாம்பல் வரி

போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு சின்ன பலகாரக் கடைக்கு நான்தான் மெயில் அனுப்பிக் கொடுத்தேன். சப்ஜெக்ட் லைனுக்கு மட்டும் இரண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்: "தீபாவளி பலகாரம்: ஆர்டர் ஆரம்பம்". அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகல, கடைக்கார அக்காகிட்ட இருந்து போன். "தம்பி, மெயில் சரியா தெரியலைன்னு வருதாமே, நம்ம வெப்சைட் படுத்துடுச்சா?"

படுக்கல. என் போன்ல பார்த்தேன். சப்ஜெக்ட் லைனுக்குக் கீழே, சாம்பல் நிறத்துல, "இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா? பிரௌசரில் பார்க்க..." டெம்ப்ளேட்டோட உச்சியில இருந்த வரி அது. நான் கவனிக்கவே இல்லை. அக்கா அதுக்குள்ள நெய்க்கும் உளுந்துக்கும் அட்வான்ஸ் கொடுத்திருந்தாங்க.

அந்தச் சாம்பல் வரிக்குப் பேர்தான் பிரிவியூ டெக்ஸ்ட். பிரிஹெடர்னும் சொல்வாங்க. நீங்க எதுவும் எழுதலைன்னா அந்த இடம் காலியா இருக்கும்னு நினைச்சுடாதீங்க. மெயிலுக்குள்ள முதல்ல எந்த எழுத்து இருக்கோ, அதை ஜிமெயிலோ ஆப்பிள் மெயிலோ தானாவே எடுத்துப் போட்டுக்கும். அது "பிரௌசரில் பார்க்க" லிங்க்கா இருக்கலாம், "அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்"னு இருக்கலாம். மரியாதையா ஆரம்பிக்கிறது நல்ல பழக்கம்தான், ஆனா பிரிவியூல அந்த மரியாதையே மொத்த இடத்தையும் சாப்பிட்டுடும்.

மெயில் அனுப்புற டூல்கள்ல பெரும்பாலும் இதுக்குத் தனிப் பெட்டி இருக்கும். அதுல எழுதினா, டூல் அதை எச்டிஎம்எல்ல முதல் வரியா, கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வைக்கும். நீங்க எழுதினது ரொம்பச் சின்னதா இருந்தா, மிச்ச இடத்துல அந்த "சரியாகத் தெரியவில்லையா" மறுபடி வந்து ஒட்டிக்கும். அதைத் தடுக்க, பின்னாடி கண்ணுக்குத் தெரியாத வெற்று எழுத்துகளை வரிசையா போட்டு நிரப்புவாங்க.

சரி, என்ன எழுதறது? என்னோட முதல் முயற்சி: "தீபாவளி பலகாரம் ஆர்டர் செய்ய இதுவே நேரம்!" சப்ஜெக்ட் லைன் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லியிருக்கேன், அவ்வளவுதான். சப்ஜெக்ட் லைனைப் படிச்சவங்க மனசுல ஒரு கேள்வி வரும். எந்தத் தேதி வரைக்கும்? எங்க வரைக்கும் டெலிவரி? அந்தக் கேள்விக்குப் பதில்தான் பிரிவியூ. "வியாழன் இரவோட ஆர்டர் முடியுது. சென்னைக்குள்ள வீட்டுக்கே வரும்." இதுல அலங்காரம் எதுவும் இல்லை. ஆனா ஆர்டர் போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண இது போதும்.

நீளம் எவ்வளவுன்னு எல்லாரும் கேட்பீங்க. கம்ப்யூட்டர்ல ஜிமெயில் திறந்தா சப்ஜெக்ட்டும் பிரிவியூவும் ஒரே வரியைப் பங்கு போட்டுக்கும். சப்ஜெக்ட் நீண்டா பிரிவியூ சுருங்கும். ஐபோன் மெயில்ல வழக்கமா இரண்டு வரி தெரியும், அதையும் செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம். அதனால முக்கியமானது முதல் நாலஞ்சு வார்த்தைக்குள்ள வந்துடணும்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு இன்னொரு தொல்லை. "முறுக்கு"ன்னா நமக்கு நாலு எழுத்து. யூனிகோடுல கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி, அதனால கம்ப்யூட்டர் கணக்குல எட்டு! டூல் காட்டுற எண்ணிக்கையை நம்பி வெட்டாதீங்க. திரையில தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தைவிட அகலமும் எடுத்துக்கும், அதனால எண்ணிக்கை சரியா இருந்தாலும் வரி பாதியில நிக்கலாம். டெஸ்ட் மெயில் அனுப்பிக் கண்ணால பார்க்கறதுதான் வழி.

சில பேர் "உங்கள் ஆர்டரில் ஒரு பிரச்சினை"ன்னு பயமுறுத்தித் திறக்க வைப்பாங்க. உள்ளே போனா 10% தள்ளுபடி. ஒரு தடவை திறப்பாங்க. அடுத்த தடவை ஸ்பேம் பட்டன்தான்.

பிரிவியூ வேலை செஞ்சுதான்னு ஓப்பன் ரேட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. 2021-ல ஐஓஎஸ் 15-ஓட ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பிரைவசி வசதி, படங்களை முன்கூட்டியே இறக்கிடும். ஆள் திறக்காமலேயே திறந்த மாதிரி கணக்கு ஏறும். கிளிக்கைப் பாருங்க, ஆர்டரைப் பாருங்க. இப்போ சில ஐபோன்கள்ல ஆப்பிள் இன்டெலிஜென்ஸ், நாம எழுதின பிரிவியூவுக்குப் பதிலா அதுவே ஒரு சுருக்கம் எழுதிப் போடுது. அது மெயிலோட உள்ளடக்கத்தைப் படிச்சு எழுதறது. தேதியும் இடமும் வெறும் பேனர் படத்துல மட்டும் இருந்தா போதாது, எழுத்தாவும் இருக்கணும்.

மறுநாள் திருத்தின மெயிலை அனுப்பறதுக்கு முன்னாடி, டெஸ்ட் மெயிலை முதல்ல அக்கா போனுக்குத்தான் அனுப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. "வியாழன் சரி தம்பி. ஆனா எல்லாரும் கேட்கிறது கை முறுக்குதான். அதை முன்னாடி போடு." போட்டேன்.