முகவரி மாறலாம், வாடிக்கையாளர் வழி தவறலாகாது

வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது '.பேங்க்.இன்' என்று முடிவதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். வங்கிகளின் பெயரில் போலித் தளங்களை அமைத்துப் பொதுமக்களை ஏமாற்றுவதைத் தடுக்கும் பொருட்டு, இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் இத்தனி முகவரியை அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் மாற்றத்தை முடிக்குமாறு ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டது. பல்லாண்டுகளாக வழக்கிலிருந்த தளங்களை நாடெங்கும் வங்கிகள் ஒரே காலத்தில் இடம் மாற்ற நேர்ந்தது.

இத்தேவை வங்கிகளுக்கு மட்டும் உரியதன்று. நிறுவனத்தின் பெயர் மாறும்போதும், கூட்டாளிகள் பிரியும்போதும் வணிகர்களுக்கும் இது நேரும். தேடுபொறியின் முதல் பக்கத்தில் ஒரு கடை பெற்றிருக்கும் இடம், இருப்புநிலைக் குறிப்பில் ஏறாத நற்பெயர்ச் சொத்தாகும். கவனமின்றி முகவரியை மாற்றினால், பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த அச்சொத்து சில நாட்களில் கரைந்துவிடக்கூடும்.

காரணம் என்ன?

தேடுபொறி ஒவ்வொரு பக்கத்தையும் அதன் முகவரியைக் கொண்டே அறிகிறது. பிற தளங்கள் தரும் இணைப்புகள் யாவும் பழைய முகவரியின் கணக்கில் வரவாகியுள்ளன. புதிய முகவரியோ நிலுவை ஏதுமற்ற புதுக் கணக்கு. பழைய கணக்கின் இருப்பைப் புதியதற்கு மாற்றும் ஆணையே '301' எனப்படும் நிரந்தர வழிமாற்றம். தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும் '302' இதற்குப் பொருந்தாது.

மாற்றுவதற்கு முன்

முதலில் பழைய தளத்தின் பக்கங்கள், படங்கள், பிடிஎஃப் கோப்புகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குரிய புதிய முகவரியை எழுதுவது அவசியம். எல்லாப் பழைய பக்கங்களையும் புதிய முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிடுவது பலரும் செய்யும் பிழை. அவற்றைத் தேடுபொறி 'இல்லாத பக்கங்கள்' என்றே கருதக்கூடும். பட்டுப்புடவை தேடி வந்தவரும் முகப்பைக் கண்டு திரும்பிவிடுவார்.

வாங்கவிருக்கும் முகவரி முன்பு வேறொருவரிடம் இருந்ததா, தவறான செயல்களுக்குப் பயன்பட்டதா என்பதையும் ஆராய்தல் நன்று. விற்பனை மிகும் தீபாவளிக் காலத்தைத் தவிர்த்து, வணிகம் மந்தமான பருவத்தைத் தேர்ந்தெடுக்கவும். வடிவமைப்பையும் உள்ளடக்கத்தையும் அதே வேளையில் மாற்றலாகாது. மாற்றினால், தரவரிசை சரியும்போது எது காரணம் என்று அறிய இயலாது.

மாற்றும் நாளில்

வழிமாற்றங்கள் இடையில் வேறு முகவரிகளில் சுற்றாமல், ஒரே படியில் இறுதிப் பக்கத்தை அடைய வேண்டும். தளத்தின் உள் இணைப்புகள், தளவரைபடம் ஆகியவை புதிய முகவரியையே காட்ட வேண்டும். பின்னர் கூகுள் சர்ச் கன்சோலில் இரு தளங்களுக்கும் உரிமையை மெய்ப்பித்து, அங்குள்ள முகவரி மாற்றக் கருவியின் மூலம் அறிவிக்கலாம். பணம் பெறும் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் புதிய முகவரியை முன்கூட்டியே பதிவு செய்யாவிடில், வாடிக்கையாளர் செலுத்தும் பணம் தடைபடக்கூடும்.

நடுத்தர அளவிலான தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் இடம் மாறவே சில வாரங்கள் ஆகும். அதற்கிடையே தரவரிசையில் ஏற்ற இறக்கம் தோன்றுவது இயல்பு. அதைக் கண்டு பதறி, பழைய நிலைக்குத் திரும்பலாகாது.

பழைய முகவரியைக் கைவிடாதீர்

வழிமாற்றங்களைக் குறைந்தது ஓராண்டேனும் வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. பழைய முகவரியின் உரிமையையோ அதற்கு மேலும் ஆண்டுதோறும் புதுப்பித்து வருவதே நலம். காலாவதியான முகவரியை எவரும் வாங்கலாம். வாங்கியவர் உங்கள் பெயரில் கடை விரிக்கலாம். பழைய மின்னஞ்சலுக்கு வரும் விலைப்பட்டியல்களையும் கடவுச்சொல் மாற்றக் கடிதங்களையும் பெறலாம். புதுப்பிப்புக் கட்டணம், அந்த இழப்போடு ஒப்பிட மிகச் சிறிய காப்பீட்டுத் தவணையே.

முகவரி மாறும் காலம் மோசடிக்காரர்களுக்கும் வாய்ப்பான காலம். 'எங்கள் தளம் மாறிவிட்டது, இங்கே அழுத்தி விவரங்களைப் புதுப்பிக்கவும்' என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம். வங்கியின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அது '.பேங்க்.இன்' என்றே முடிகிறதா எனப் பார்த்த பின்னரே உள்நுழையுங்கள்.