வெண்டைக்காய் இடும் பூ

மூன்று வயதுக் குழந்தையிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்துப் பூ வரையச் சொல்லுங்கள். கோடுகள் வரும், பூ வராது. விரல்களின் சிறு தசைகள் இன்னும் உரம் பெறாத வயது அது. அதே குழந்தையின் கையில் குறுக்காக நறுக்கிய வெண்டைக்காயைக் கொடுத்து, வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றச் சொல்லுங்கள். ஐந்து இதழ்ப் பூ ஒன்று அங்கே மலரும். வரையத் தெரியாத கைக்கும் ஒற்றத் தெரியும். காய்கனி அச்சின் சிறப்பு இதுவே.

வங்கத்திற்குப் படிக்க வந்த நம்மில் சிலர், இவ்வளாகத்தில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் கற்பித்து வருகிறோம். அவ்வகுப்பில் எழுத்துக்கு முன்னே அச்சை வைத்துப் பார்த்தேன். கண்ட பயனை நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடையைத் தீர்த்துவிட வேண்டும். “உண்ணும் பொருளை விளையாட்டில் கெடுக்கலாமா?” என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பருக்கையும் சிந்தலாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அல்லவா நாம்? ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. சமையலறை வேண்டாமென்று தள்ளியதே எங்களுக்கு மூலப்பொருள். வெண்டையின் காம்புப் பக்கம், முட்டைக்கோசின் அடித்தண்டு, வெங்காயத்தின் வேர்முனை, பிழிந்த எலுமிச்சை மூடி, முற்றிப்போன பாகற்காய், வாழைமட்டை ஆகியவை விடுதிச் சமையலறையில் நாள்தோறும் குப்பைக்குப் போகின்றன. கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார்கள். மிளகாயை மட்டும் தொடவேண்டாம். குழந்தையின் கை கண்ணுக்குப் போகும்.

இனிச் செய்முறை. நறுக்குவது பெரியவர் வேலை. ஒற்றுவது குழந்தையின் வேலை. வெட்டிய முகம் மேடுபள்ளமின்றி ஒரே வீச்சில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். பள்ளம் இருந்தால் அவ்விடம் தாளைத் தொடாது. படத்தில் வெள்ளையாய் நிற்கும். அடுத்து, வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீரே. அதைத் துடைக்காவிட்டால் வண்ணம் நீர்த்துப் பரவிவிடும். வண்ணக்குழம்பு தோசைமாவுப் பதத்தில் இருக்கட்டும். அதைக் கிண்ணத்தில் வைத்துத் தோய்ப்பதைவிட, தட்டில் மடித்துப் போட்ட ஈரத்துணியின்மேல் தடவி, அதில் காயை ஒற்றி எடுப்பது நல்லது. தாளின் கீழே பழைய செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக விரித்தால் அச்சு முழுமையாக விழும்.

வண்ணம் வாங்கப் பணமில்லையா? மஞ்சள்தூளைக் கஞ்சியில் குழைத்தால் மஞ்சள் நிறம். அதனோடு ஒரு சிட்டிகை சோடா உப்பைச் சேர்த்தால் அது குழந்தைகளின் கண்முன்னே சிவக்கும். வெயில் பட்டால் இந்நிறம் நாளடைவில் மங்கும். அதற்காகக் குழந்தைகள் வருந்துவதில்லை.

இவ்விளையாட்டில் கல்வி எங்கே இருக்கிறது? காயின் உள்ளே இருக்கிறது. வெண்டையின் உள்ளே பெரும்பாலும் ஐந்து அறைகள். ஆப்பிளைக் குறுக்காக வெட்டினால் நடுவே ஐந்து முனை விண்மீன். வெங்காயத்தில் ஒன்றுக்குள் ஒன்றாய் வளையங்கள். வாழைமட்டையிலோ வரிசை வரிசையாய்க் காற்றறைகள். நாள்தோறும் உண்ணும் பொருளின் முகத்தைக் குழந்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறது. தானாகவே எண்ணவும் தொடங்குகிறது.

ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கு உருளைக்கிழங்கில் எழுத்தைச் செதுக்கிக் கொடுக்கலாம். ‘ப’ எழுத்தை ஒற்றினால் ‘ப’வே விழும். ‘ட’வை ஒற்றினாலோ அது இடம்வலம் மாறித் திரும்பி நிற்கும்! ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். ஒரு கண்ணாடியை அருகில் வைத்துக் காட்டினால் போதும். எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் நேராக விழும் என்பது புரிந்துவிடும். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் எழுத்துகளும் இவ்வாறு திருப்பி அமைக்கப்பட்டவையே. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் தமிழ் நூல் என்பதை அவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல வேளை ஏது?

வங்க நாடும் இக்கலைக்கு அயலன்று. தாகூரின் ‘சஹஜ் பாட்’ என்னும் குழந்தைகள் பாடநூல் 1930-இல் வெளிவந்தபோது, அதற்கு நந்தலால் போஸ் செதுக்கு அச்சுப் படங்களே அமைத்தார். பெருங்கலைஞர் ஒருவர் குழந்தைகளுக்காகத் தேர்ந்த முறை இது.

கற்பிக்கச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் கையைப் பிடித்து ஒற்றாதீர்கள். ‘இங்கே வை, அங்கே வை’ என்னாதீர்கள். இலைக்குச் சிவப்பும் பூவுக்குப் பச்சையும் வந்தால் திருத்தாதீர்கள். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம் என்று மும்முனையிலும் ‘இது தவறு’ என்றே கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். தவறே இல்லாத ஒரு மணிநேரத்தையாவது நாம் அவர்களுக்குத் தரலாகாதா? அந்த மகிழ்ச்சியில் ‘வெண்டை’, ‘வெங்காயம்’, ‘வாழை’ என்று தாமே சொல்லிக்கொண்டு ஒற்றுகிறார்கள். வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுத்தபோது நில்லாத சொற்கள் இப்போது நிற்கின்றன.

வரும் ஞாயிறு வாருங்கள். வரும்போது சமையலறையில் ஒதுக்கிய வெண்டைக்காம்புகளையும் கொண்டு வாருங்கள்.