முப்பதாயிரம் அப்புறம் பாஸ்... முதல்ல ரெண்டு காது போதும்!

தை மாசம். நைனார்பாளையம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தல் முழுக்க சீரியல் செட், ரெண்டு பக்கமும் ஆளுயர பாக்ஸ், நடுவுல ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னாடி ஹெட்போனை ஒரு காதுல மட்டும் ஒட்டவெச்சுக்கிட்டு ஒருத்தர். பாட்டு மாறுது... ஆனா எப்ப மாறுச்சுன்னு யாருக்குமே தெரியலை. ஆடுற கூட்டம் ஒரு செகண்ட்கூட நிக்கலை. சாப்பிட்டுக் கை கழுவ வந்த நீங்க அப்படியே நின்னுடறீங்க. 'டேய்... நாமளும் டிஜே ஆகணும்டா!'

மறுநாள் காலேஜ் பஸ்ல ஜன்னலோர சீட். போன்ல விலையைத் தேடுறீங்க. ஓரளவு நல்ல பெட்டி ரூ.30,000ஐ ஒட்டி நிக்குது. அப்பாவுக்கு மக்காச்சோளம் போட்ட காசு வர்ற நேரம். கேட்டுப் பார்க்கலாமா? இல்லை, இ.எம்.ஐ. போட்டுடலாமா?

அவசரப்படாதீங்க பாஸ்! அந்தக் காசைத் தொடறதுக்கு முன்னாடி, மூணு மாசம் கிட்டத்தட்ட சும்மாவே கத்துக்கலாம். மூணு மாசம் கழிச்சும் ஆசை உசுரோட இருந்தா அப்புறம் வாங்கலாம். இல்லேன்னா அப்பா காசு அப்பாகிட்டயே பத்திரமா இருக்கும். டீலா?

இல்லாதவங்க உருவாக்கின கலை

டிஜேன்னா பணக்காரப் பசங்க விளையாட்டுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணுக்கு, ஸ்கூல் திறக்கும்போது போட்டுக்கப் புதுத் துணி வாங்கணும். கையில காசு இல்லை. குடியிருப்பின் பொது ஹாலைப் பிடிச்சு ஒரு பார்ட்டி வெச்சாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் டிக்கெட். பாட்டுப் போட்டது அவங்க அண்ணன் கிளைவ். ஜமைக்காவில் பிறந்த 18 வயசுப் பையன். உலகம் இன்னிக்கு 'கூல் ஹெர்க்'னு கொண்டாடுறது அவரைத்தான். ஹிப்-ஹாப் பிறந்த நாள்னு சொல்றதும் அந்த நாளைத்தான்.

அவர் செஞ்சது என்ன? பாட்டுல பாடகர் ஒதுங்கி, டிரம் மட்டும் தனியா வர்ற இடத்துலதான் கூட்டம் வெறித்தனமா ஆடுதுன்னு கவனிச்சார். ஒரே இசைத்தட்டில் ரெண்டு காப்பி வாங்கி, ஒண்ணு முடிய முடிய இன்னொண்ணைப் போட்டு, அந்தக் குட்டித் துண்டை நீட்டிக்கிட்டே போனார். பின்னாடியே வந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர். தூக்கிப்போட்ட சாமான்ல இருந்து பார்ட்ஸ் கழட்டி, அடுத்த பாட்டைத் தான் மட்டும் முன்கூட்டியே கேட்க ஒரு ஸ்விட்சைச் சேர்த்தார். இன்னிக்கு எல்லா டிஜே பெட்டியிலயும் இருக்கிற 'க்யூ' பட்டன் செய்யற வேலை அதுதான்.

நம்ம ஊர் மைக் செட் அண்ணனை மட்டும் லேசா நினைச்சுடாதீங்க. முதல் பாட்டு பிள்ளையாருக்கு, பந்தி நேரத்துல மெல்லிசு, மாப்பிள்ளை அழைப்புல துள்ளல், தாலி கட்டும் நேரம் வந்தா கெட்டிமேளத்துக்கு வழிவிட்டு நிசப்தம். கூட்டத்தைப் படிக்கிற இந்த வித்தைதான் டிஜே வேலையில பாதி. அவர் எந்த கோர்ஸும் படிக்கலை!

முதல் மாசம்: விரல் விட்டு எண்ணுங்க

செலவு: பூஜ்யம். பஸ்ல பாட்டுக் கேட்கிறீங்க இல்லையா? தொடையில தட்டிக்கிட்டே 'ஒண்ணு ரெண்டு மூணு நாலு' எண்ணுங்க. எங்க 'ஒண்ணு' விழுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் முதல் பாடம். ஒரு நிமிஷத்துல எத்தனை தட்டுன்னு எண்ணினா அதுதான் பி.பி.எம். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினாலும் சரி. தினம் பத்துப் பாட்டு. ஒரு நோட்டுல எழுதுங்க.

நம்ம ஊர் குத்துப் பாட்டு நிறைய ஆறு எண்ணிக்கையில ஓடும். 'ஒண்ணு ரெண்டு மூணு, நாலு அஞ்சு ஆறு'ன்னு ஒண்ணுலயும் நாலுலயும் அழுத்தம் விழும். திருவிழாவில தப்பு அடிக்கிறவங்க பக்கத்துல போய் நின்னு கேளுங்க. காது தானா திறக்கும்.

ரெண்டாவது மாசம்: தூங்குற லேப்டாப்பை எழுப்புங்க

2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல அக்காவோ அண்ணனோ வாங்கினது வீட்டு பீரோ மேல தூங்குதா? துடைச்சு எடுங்க. 'மிக்ஸ்'னு ஒரு மென்பொருள் இருக்கு. முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். தேடும்போது ஆங்கிலத்துல கடைசி எழுத்தான எக்ஸை மூணு தடவை போடுங்க. ரொம்பப் பழைய மாடலா இருந்தா திணறலாம். அப்போ ஃப்ரெண்டு லேப்டாப், இல்லேன்னா போன்ல ஏதாவது ஒரு இலவச டிஜே ஆப்.

ஒரே ஒரு ஹெட்போன் போதும். மிக்ஸ்ல 'ஸ்ப்ளிட்'னு ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா ஒரு காதுல அடுத்து வரப்போற பாட்டு, இன்னொரு காதுல இப்ப ஓடற பாட்டு. ஸ்பீக்கரே இல்லாம ராத்திரி வீட்டுல யாரையும் எழுப்பாம பழகலாம். வெளியே ஸ்பீக்கர்லயும் கேட்கணும்னா, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒண்ணு. ஸ்பீக்கருக்கு லேப்டாப் பின், ஹெட்போனுக்கு அந்த கார்டுன்னு செட்டிங்ஸ்ல பிரிச்சுக்கலாம். அவ்வளவுதான் செலவு.

பயிற்சி இதுதான். ஒரு பாட்டு 120 பி.பி.எம்., இன்னொண்ணு 124. முதல் பாட்டை சுமார் 3.3 சதவீதம் வேகமாக்கினா ரெண்டும் ஒரே நடை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடரைக் கையாலயே நகர்த்துங்க. 'சிங்க்' பட்டன் பக்கம் போகாதீங்க. ரெண்டு தாளமும் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ற அந்த நொடி இருக்கே... முதல் தடவை பேலன்ஸ் கிடைச்ச சைக்கிள் மாதிரி!

அடுத்த ரூல்: ரெண்டு பாட்டோட பேஸும் ஒண்ணா ஒலிக்கக் கூடாது. உள்ளே வர்ற பாட்டின் பேஸைக் குறைச்சு வெச்சு நுழைங்க. சரியான 'ஒண்ணு'ல பழசைக் குறைச்சுப் புதுசை ஏத்துங்க. சிவப்பு லைட் எரியற அளவுக்கு சத்தம் வைக்காதீங்க. அது வால்யூம் இல்லை, கிழிசல்.

மூணாவது மாசம்: தமிழ்ப் பாட்டின் கதவு எங்கே?

யூடியூப்ல டிஜே பாடம் நடத்துற வெளிநாட்டுக்காரங்க, 'பாட்டோட ஆரம்பத்துல 32 பீட் வெறும் டிரம் இருக்கும், அதுல கலக்குங்க'ம்பாங்க. அது கிளப்புக்குன்னே செஞ்ச பாட்டு. நம்ம சினிமாப் பாட்டுல அப்படி வாசல் பெரும்பாலும் கிடையாது. முன்னிசை கொஞ்சம், உடனே பல்லவி. குரல் மேல குரல் விழுந்தா ரெண்டு பேர் சண்டை போடற மாதிரி இருக்கும்.

அப்போ கதவு எங்கே? பல்லவி முடிஞ்சு சரணத்துக்கு முன்னாடி வர்ற இடையிசைதான் கதவு! குரல் இல்லாத அந்தச் சில செகண்டுல அடுத்த பாட்டைக் கூட்டிட்டு வரணும். நேரம் பத்தலையா? அந்த இடையிசையில நாலு பீட்டை மட்டும் லூப்ல சுத்த விடுங்க. கதவு நீங்க சொல்ற வரைக்கும் திறந்தே இருக்கும். கூல் ஹெர்க் ரெண்டு இசைத்தட்டை வெச்சு செஞ்சதும் இதையேதான்.

இன்னொரு சிக்கல். எழுபது, எண்பதுகள்ல வந்த பாட்டு பெரும்பாலும் வாத்தியக்காரங்க கூடி உட்கார்ந்து வாசிச்சது. மெஷின் மெட்ரோனோம் கிடையாது. அதனால பாட்டு நடுவுல வேகம் ஒரு நூல் கூடும், குறையும். 'சிங்க்' பட்டன் அங்கே கவுத்துடும். ஆறு எண்ணிக்கைப் பாட்டுலயும் மென்பொருள் குழம்பும். 120ன்னு சொல்லவேண்டியதை 180ன்னோ 80ன்னோ காட்டும். மிக்ஸ்ல பாட்டு மேல ரைட் கிளிக் பண்ணினா பி.பி.எம்.மை மூணில் ரெண்டு, ஒண்ணரை மடங்குன்னு மாத்துற வசதி இருக்கு. ஆனா தப்புன்னு முதல்ல உங்க காதுக்குத் தெரியணும் இல்லையா? முதல் மாசம் எண்ணின நோட்டு இப்போதான் உதவும்!

பாட்டு கலெக்ஷன்? பத்தாயிரம் வேண்டாம். வரி வரியாத் தெரிஞ்ச 200 பாட்டு போதும். மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, காணும் பொங்கல்னு தனித்தனி லிஸ்ட் போடுங்க. வாட்ஸ்அப்ல சுத்தின பாட்டு போன்ல நல்லாத்தான் இருக்கும். பெரிய பாக்ஸ்ல போட்டா குட்டு வெளிப்பட்டுடும். 320 கே.பி.பி.எஸ். தரம் வெச்சுக்கங்க.

இப்போ கடைக்குப் போகலாம்!

மூணு மாசமும் தாண்டிட்டீங்களா? சபாஷ்! இனி காசு செலவழிக்கிறதுல அர்த்தம் இருக்கு. வரிசை முக்கியம்.

*முதல்ல ஹெட்போன்.* காதை முழுசா மூடுறது, வயர் உள்ளது. புளூடூத் வேண்டவே வேண்டாம். சத்தம் ஒரு நொடித் துளி தாமதமா வரும், தாளம் காலி.

*அப்புறம் கன்ட்ரோலர்.* லேப்டாப்போட இணையற, ரெண்டு வட்டத் தட்டு இருக்கிற பெட்டி. ரூ.10,000லிருந்து ரூ.15,000க்குள்ள நியூமார்க், ஹெர்குலிஸ் கம்பெனிகளின் ஆரம்ப மாடல்கள் இருக்கு. பயனியர் டிடிஜே எஃப்எல்எக்ஸ்4 ரூ.30,000ஐ ஒட்டி. விலை மாறிக்கிட்டே இருக்கும், வாங்குற அன்னிக்கு நாலு கடை கேளுங்க.

எதுவானாலும் ஒரு கேள்வி கட்டாயம்: 'உள்ளேயே சவுண்ட் கார்டு இருக்கா? ஹெட்போனுக்குத் தனி ஓட்டை இருக்கா?' பயனியர் டிடிஜே 200 மாதிரி சில மாடல்ல அது கிடையாது. விலை கம்மின்னு எடுத்துட்டு அப்புறம் முழிக்காதீங்க. பளபள லைட்டைப் பார்த்து மட்டும் மயங்கிடாதீங்க பாஸ்.

*செகண்ட் ஹேண்ட்?* தாராளமா. லேப்டாப்பைக் கையோட கொண்டுபோங்க. எல்லா ஸ்லைடரையும் மேலிருந்து கீழே மெதுவா இழுங்க. கரகரன்னு சத்தம் வருதா, நடுவுல தாவுதா பாருங்க. யு.எஸ்.பி. பின்னை லேசா அசைச்சுப் பாருங்க. சென்னை போற வேலை இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல கேபிள் சாமானை ஒரே நடையில முடிச்சுக்கலாம்.

*ஸ்பீக்கர் வாங்காதீங்க!* மைக் செட் அண்ணன்கிட்ட இல்லாத பாக்ஸா? உங்க பெட்டியிலிருந்து அவர் மிக்சருக்குப் போக ஒரே ஒரு கேபிள் போதும். ஒரு பக்கம் ஆர்சிஏ, இன்னொரு பக்கம் அவங்க 'பி-38'னு சொல்ற தடிமனான பின். இதை மறந்து போய் மேடையில கையைப் பிசையறவங்கதான் அதிகம். ரெண்டா வாங்கி ஒண்ணைப் பையிலயே போட்டு வைங்க.

அண்ணன்கிட்ட எடுபிடியா சேருங்க

லீவு நாள்ல பக்கத்து சவுண்ட் சர்வீஸ்ல போய் நில்லுங்க. வயர் சுத்துங்க, பாக்ஸ் தூக்குங்க. 'அண்ணே, பந்தி நேரத்துல மட்டும் அரை மணி நேரம் நான் போட்டுக்கட்டுமா?'ன்னு கேளுங்க. அரை மணி ஒரு மணியாகும். ஒருநாள் அவரே 'நீ போடுடா தம்பி'ம்பார். கூட்டம் கலையற நேரத்துல எந்தப் பாட்டு திரும்ப இழுக்கும், எந்தப் பாட்டுக்குச் சண்டை வரும்... இதெல்லாம் எந்த வீடியோவிலயும் கிடைக்காத சிலபஸ்.

கல்வராயன் மலைப் பக்கம் விழாவுக்குக் கூப்பிட்டா, பாட்டெல்லாம் லேப்டாப்லயே இருக்கட்டும். நெட்டை நம்பி ஏறினா பாதி வழியிலேயே சிக்னல் கைகாட்டிடும். ஒரு பென்டிரைவ்ல தனியா ஒரு காப்பியும் வைங்க.

காது, கரண்ட், கட்டுப்பாடு

*காது:* 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்! பாக்ஸ் முன்னாடி நிக்காதீங்க. காதடைப்பான் மாட்டுங்க. போன காது திரும்பி வராது.

*கரண்ட்:* ஊர்வல வண்டியில பாக்ஸை உயரமா அடுக்கினா மேலே மின்கம்பி இருக்கான்னு பார்க்க ஒரு ஆள் தனியா வேணும். எர்த் இல்லாத லைன், மழைத் தூறல்... ரெண்டுல எது இருந்தாலும் ஆஃப் பண்ணிடுங்க.

*கட்டுப்பாடு:* ஒலி மாசு விதிகள் 2000ன்படி ராத்திரி 10லிருந்து காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. அரசு தளர்வு தர்ற சில விழா நாட்கள்ல மட்டும் 12 மணி வரைக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். போலீஸ் அனுமதியை விழா நடத்துறவங்க வாங்கியாச்சான்னு முதல் நாளே கேளுங்க. 'இன்னும் ஒரே ஒரு பாட்டு'ன்னு கெஞ்சுவாங்க. பக்கத்து வீட்டுல நாளைக்குப் பரீட்சை எழுதற பிள்ளை இருக்கலாம். சிரிச்சுக்கிட்டே ஆஃப் பண்ணுங்க.

அப்புறம் அப்பாகிட்ட எப்போ பேசறது? மூணு மாசம் கழிச்சு, பழைய லேப்டாப்பை அவர் முன்னாடி வைங்க. அவருக்குப் பிடிச்ச பழைய பாட்டு ரெண்டை எடுத்து, ஒண்ணுலிருந்து இன்னொண்ணுக்கு அலுங்காமக் கொண்டுபோங்க. பாட்டு மாறினதே தெரியாம அவர் தலையாட்டிக்கிட்டு இருந்தார்னா... பேச்சை ஆரம்பிக்க அதுதான் சரியான 'ஒண்ணு'!