ஐரோப்பாவில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

ஐரோப்பா சென்று திரும்பிய எவரைக் கண்டாலும் நம்மவர்கள் முதலில் கேட்பது ஈபிள் கோபுரத்தைப் பற்றியன்று. "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதைத்தான். இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஊர் விட்டு ஊர் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி வேறில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுத வந்து, பழவங்காடியில் வீடு பிடித்த என் பாட்டனாரும் இதே கேள்விக்குத்தான் பதில் தேடியிருப்பார். நல்லெண்ணெய் வாசம் மாறித் தேங்காய் எண்ணெய் வாசம் எங்கள் அடுக்களையில் எப்போது குடியேறியது என்று எவருக்கும் தெரியாது. இன்று எங்கள் வீட்டில் சொதியும் உண்டு, ஓலனும் உண்டு. இரண்டில் எது நம்முடையது என்று பேரன் கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

எழுபத்திரண்டாம் வயதில், என் துணைவியாருடன், மே மாதத்தில் பதினைந்து நாள் கூட்டுச் சுற்றுலாவாக ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ், வியன்னா, சூரிச், பாரிஸ் ஆகிய நகரங்களைப் பார்த்து வந்தேன். கோபுரங்களையும் ஓவியங்களையும் பற்றிப் பலர் எழுதியாயிற்று. நம் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி, உணவின் வழியே நான் கண்ட நகரங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கும் ஒரே பனீர்

சுற்றுலா நிறுவனத்தார் "தினமும் இந்திய உணவு உத்தரவாதம்" என்று அச்சடித்திருந்தார்கள். வாக்குத் தவறவில்லை. மாலை ஆறரைக்குப் பேருந்து ஓர் இந்திய உணவகத்தின் வாசலில் நிற்கும். உள்ளே பனீர், மஞ்சள் பருப்பு, சீரகச் சோறு, ஒரு குலாப் ஜாமூன். ரோமிலும் அதுதான், வெனிஸிலும் அதுதான். நான்காம் நாள் என் துணைவியார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, ஊர் மட்டும் மாறுது, தட்டு மாறவே இல்லையே" என்றார். சைவச் சாப்பாட்டுக்காரர்களாகிய நாங்கள் பட்டினி கிடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இத்தாலிக்குப் போய் இத்தாலியர் சாப்பிடுவதில் ஒரு கவளம்கூடச் சாப்பிடாமல் திரும்புவதும் சரியாகப் படவில்லை. அன்று முதல் பகல் உணவை நாங்களே தேடிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

அப்படித் தேடும் சைவர்கள் சில விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது இறைச்சி வேகவைத்த நீரில் செய்யப்பட்டிருக்கலாம். பார்மிஜானோ என்னும் புகழ்பெற்ற பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பது விதி. ஜெலட்டின் கலந்த இனிப்புகளும் உண்டு. ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பதினான்கு வகைப் பொருள்கள் தம் பண்டங்களில் உள்ளனவா என்பதை உணவகங்கள் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதை அங்கே யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

மிளகு போன வழி, மிளகாய் வந்த வழி

ரோமில் பாலாடைக்கட்டியும் மிளகுத்தூளும் மட்டும் போட்டு ஒரு பாஸ்தா செய்கிறார்கள். பக்கத்து மேசைக்கு அது வந்தபோது மிளகு வாசம் எங்களை எட்டியது. சாலைக் கடைத்தெருவில் மலைச்சரக்குக் கடைகளைக் கடந்து நடக்கும்போது வருமே, அதே வாசம்! வியப்பொன்றும் இல்லை. முசிறித் துறையில் யவனர் மரக்கலங்கள் பொன் கொடுத்து மிளகு ஏற்றிய காலம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. ரோமின் பழைய ஃபோரம் பகுதியில், முதலாம் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசர் மிளகுக்கென்றே ஒரு பண்டகசாலை கட்டினார். அதன் மிச்சங்கள் பிற்கால மண்டபம் ஒன்றின் அடியில் இன்றும் இருக்கின்றன. வெனிஸ் நகரின் செல்வத்திலும் நம் மலைநாட்டு மிளகுக்குப் பெரும் பங்குண்டு. அந்த வியாபாரத்தை நேரே கைப்பற்றும் ஆசையில்தான் 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார்.

நாம் மிளகு கொடுத்தோம்; போர்ச்சுகீசியர் நமக்கு மிளகாய் கொண்டுவந்தார்கள். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் நம் பாட்டிகள் யாரும் மிளகாய் வறுத்திருக்க முடியாது. இத்தாலியர் தங்கள் உயிர்நாடியாகக் கருதும் தக்காளியும் அவர்களுக்கு அதே காலத்தில் வந்த விருந்தாளிதான். "நம் பாரம்பரியச் சாப்பாடு" என்று நாம் அழுத்திச் சொல்லும்போது இதைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது. தட்டில் இருப்பதில் பாதி கப்பல் ஏறி வந்ததே.

வியன்னாவின் காப்பிக்கடைகள்

வியன்னாவில் முதல் காப்பிக்கடைக்கு 1685-இல் அனுமதி கிடைத்தது. அதைப் பெற்றவர் யோகன்னஸ் தியோதாத்தோ என்ற ஆர்மீனியர், அவரும் வந்தேறியவர்தான். இன்றும் அந்நகரில் காப்பி கேட்டால் சிறு தட்டத்தில் காப்பிக் கிண்ணமும் அருகே ஒரு தம்ளர் தண்ணீரும் வரும். ஒரு கிண்ணம் காப்பி வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் பத்திரிகை படிக்கலாம். எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை. எங்களைப்போல வயதானவர்கள் தனியாக வந்து, சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதியவர்களுக்கு ஒரு நகரம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுதான் என்று எனக்குப் பட்டது. உட்கார ஓர் இடம், குடிக்க நல்ல தண்ணீர், அவசரப்படுத்தாத மனிதர்கள். வியன்னாவுக்கு ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீரைக் குழாய்வழி கொண்டுவந்தது 1873-இல். ரோமிலோ தெருவோரங்களில் ஓயாமல் ஒழுகும் இரும்புக் குழாய்களில் யாரும் நீர் பிடித்துக் குடிக்கலாம். காசு கொடுத்துப் பாட்டில் வாங்கியவர்கள் எங்கள் பேருந்துக்காரர்கள் மட்டுமே.

நமக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. தம்பானூரில், சுருள்போல் மேலே ஏறிச் செல்லும் செங்கல் கட்டடத்தில் இந்தியன் காப்பி ஹவுஸ் இருக்கிறதல்லவா? அதைக் கட்டிய லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் இங்கேயே மறைந்தவர். ஐரோப்பியர் ஒருவர் நம் மண்ணையும் செங்கல்லையும் கொண்டு நமக்குக் கட்டிய காப்பிக்கடை அது.

வியன்னாவில் இன்னொன்றும் கண்டோம். மே மாதமானால் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டை வேகவைத்து, வெண்ணெய் ஊற்றி விருந்துபோல் உண்கிறார்கள். நம் வைத்தியர்கள் கிழங்கெடுத்து லேகியம் செய்கிற தண்ணீர்விட்டான் கொடியின் உறவுதான் அது. நாம் கிழங்கைக் கொண்டோம். அவர்கள் குருத்தைக் கொண்டார்கள்.

சூரிச்சில் இரண்டு நினைவுகள்

சூரிச் நகரில் ஹில்ட்ல் என்னும் சைவ உணவகம் 1898-இல் தொடங்கியது. தொடர்ந்து நடந்துவரும் சைவ உணவகங்களில் உலகிலேயே மிகப் பழையது என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. மூட்டுவலியால் அவதிப்பட்ட அம்புரோசியஸ் ஹில்ட்ல் என்ற தையற்காரர், இறைச்சியை விட்டுக் குணமடைந்து, பின்னர் இதை ஏற்று நடத்தினார். அக்குடும்பத்து மருமகள் 1951-இல் தில்லியில் நடந்த சைவ உணவாளர் மாநாட்டுக்கு வந்து, நம் மசாலாப் பொருள்களின் சுவையைக் கொண்டுபோனார். எடை போட்டு விலை வைக்கும் அந்தப் பந்தியில் பருப்பும் இருந்தது, சுவிஸ் உருளைக்கிழங்கும் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் எடுத்துக்கொண்டோம்.

அந்நகரில் எனக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வந்தது. செண்பகராமன் பிள்ளை 1891-இல் நம் திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். பள்ளிப் பருவத்திலேயே, இங்கு வந்திருந்த ஆங்கிலேயர் ஒருவரின் துணையோடு ஐரோப்பா சென்றார். 1914-இல் இதே சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்தார். 1934-இல் பெர்லினில் காலமானார். அவரது அஸ்தி முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 1966-இல்தான் இந்தியக் கடற்படைக் கப்பலில் தாயகம் வந்தது. போகும்போது திரும்பும் தேதி அச்சடித்த சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. அந்த இளைஞரிடம் அது இல்லை.

பாரிஸில் ஒரு சொதி

பாரிஸில் ஒரு நாள் எங்களுக்கு ஓய்வு தந்தார்கள். மற்றவர்கள் கடைகளுக்குப் போக, நாங்கள் லா ஷப்பேல் பகுதிக்குப் போனோம். வடக்கு இரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பலசரக்குக் கடை, நகைக்கடை, புடவைக் கடை எல்லாவற்றிலும் தமிழ்ப் பெயர்ப்பலகை. முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாசலில் அடுக்கியிருந்தன. சுற்றுலாப் பேருந்துகள் நிற்காத தெரு இது.

ஒரு சிறு கடையில் இடியப்பமும் சொதியும் கேட்டோம். பரிமாறியவருக்கு ஐம்பது வயதிருக்கலாம்.

"ஐயா எவடம்?" என்றார்.

"திருவனந்தபுரம்."

"அப்ப மலையாளியோ?"

"இல்லை தம்பி, தமிழ்க் குடும்பம்தான். மூன்று தலைமுறையாக அங்கே."

"அப்ப நீங்களும் எங்களைப் போலத்தான். வந்து குடியிருக்கிற சனம்."

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நாங்கள் பிழைப்புக்காக வந்தவர்கள். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது நாங்கள் எல்லைக்கு இப்புறம் நின்றுவிட்டோம். அவ்வளவுதான். நினைத்த காலையில் கிழக்கேகோட்டைக்கு நடந்து, நாகர்கோவில் பேருந்து ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கலாம். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பேருந்து கிடையாது. அவரிடம், "ஊருக்குப் போய் வந்தீர்களா?" என்று கேட்டேன். "ஒருக்காப் போனனான் ஐயா. வளவு இருக்கு, வீடு இல்லை" என்று சொல்லிவிட்டு, என் துணைவியார் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினார். அது அவர் தாயார் வைக்கும் முறையாம். எங்கள் வீட்டுச் சொதியைவிட நீர்த்தது. தேங்காய்ப்பால் வாசம் மட்டும் ஒன்றேதான்.

அத்தெருவுக்கு அருகில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1985-இல் ஈழத் தமிழர்கள் நிறுவியது. ஆகஸ்டு கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் தேர் ஓடும்போது பாரிஸ் வீதியில் தேங்காய்களைக் குவித்துச் சிதறடிக்கிறார்களாம். பிரெஞ்சுக்காரர்களும் கூடி நின்று பார்ப்பதைப் படத்தில் கண்டோம். பழவங்காடிப் பிள்ளையாருக்கு அன்றாடம் நாம் உடைக்கும் தேங்காய்க்கு அங்கே ஆண்டுக்கொரு நாள்! ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-இல் காமாட்சி அம்மனுக்குக் கோபுரம் எழுந்ததும், சுவிட்சர்லாந்தின் பெர்னில் 2014-இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் இந்துக் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே கூரையின் கீழ் அமைந்ததும் இம்மக்களின் உழைப்பைச் சொல்கின்றன. சுவிஸ் உணவகங்களின் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையற்காரர்களாக உயர்ந்த தமிழர்கள் பலர். நாம் "அந்நிய உணவு" என்று ஒதுக்குகிற தட்டைத் தமிழ்க் கை ஒன்று ஆக்கி அனுப்பியிருக்கக்கூடும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

இறைச்சியையும் பால் பண்டங்களையும் வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லக் கூடாது. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் கூடாது. ஆனால் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அச்சான்றிதழ் தேவையில்லை, பிள்ளையார் பார்த்துக்கொண்டார்! பருப்புப்பொடியும் தட்டையும் போதும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். மாத்திரைகளையும் மருத்துவரின் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயண ஏற்பாட்டாளரிடம் ஒரு நாளையாவது உங்களுக்கென்று கேட்டு வாங்குங்கள். அன்று அந்த ஊரார் சாப்பிடுவதில் உங்கள் வழக்கத்துக்கு ஒத்ததை ஒரு வேளை சாப்பிடுங்கள். இன்னொரு வேளை, நம்மைப்போல் அங்கு குடியேறியவர் கடையில் சாப்பிடுங்கள். பரிமாறுகிறவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் வரும்வரை சற்று உட்கார்ந்திருங்கள்.